புதிய உலகத்தின் பல்சுவை மேடை



தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்து, வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து, சீனிவாசப் பெருமாள் கோயிலை நெருங்கும்போது வலப்புறம் கிச்சனர் சாலை பிரிகிறது. அங்கே ‘சிட்டி ஸ்குவேர் மால்’ என்னும் பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதே மண்ணில் 1923 முதல் 1987 வரை ‘நியூ வேர்ல்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்தது. தமிழில் சொன்னால் ‘புதிய உலகம்’. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நினைவுச் சின்னமாக இன்றும் அப்பகுதியில் நிற்கிறது.

லிட்டில் இந்தியாவின் வாசலிலேயே இருந்த அந்தப் பூங்காவின் மேடையைப் பற்றித்தான் இன்று நாம் காண இருக்கிறோம். ஆட்சியாளர், போர், உடன்படிக்கை ஆகியவற்றுக்கு வரலாற்று நூல்களில் இடம் உண்டு. நாள் முழுவதும் உழைத்துக் களைத்த மக்களைப் பாடியும் ஆடியும் சிரிக்க வைத்தவர்களுக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

பல்சுவை மேடை என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரே கதையை முதலிலிருந்து முடிவுவரை நடிப்பது நாடகம். பாட்டு, நடனம், கோமாளித்தனம், வித்தை என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உருப்படிகளை ஒரே மாலையில் அடுக்கித் தருவது பல்சுவை மேடை. அமெரிக்காவில் இதற்கு ‘வாடவில்’ என்று பெயர். 1881இல் டோனி பாஸ்டர் என்பவர் நியூயார்க் நகரில் குடும்பத்தோடு வந்து காணத்தக்க நிகழ்ச்சிகளாக இவற்றை வளர்த்தார். 1913இல் அங்குத் திறக்கப்பட்ட ‘பேலஸ்’ அரங்கில் ஒருமுறை மேடையேறுவதே கலைஞர்களின் வாழ்நாள் கனவாயிற்று. ஒவ்வோர் உருப்படியும் பத்துப் பதினைந்து நிமிடந்தான். திரைக்குப் பின்னால் அடுத்த காட்சிக்கு மேடையை மாற்றி அமைப்பார்கள். அந்த வேளையில் திரைக்கு முன்னால் ஒருவரோ இருவரோ வந்து பாடிச் சிரிக்க வைப்பார்கள்.

இந்த மேடையில் உடன்பிறந்தோர் பலர் புகழ் பெற்றனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் குரல் எளிதில் இணையும். ஒருவர் கண்ணசைத்தால் மற்றவருக்குப் பொருள் விளங்கும். நகைச்சுவைக்கு உயிரே அந்தக் கண நேரப் பொருத்தந்தான். மார்க்ஸ் சகோதரர்களும் நிக்கலஸ் சகோதரர்களும் இவ்வாறு உயர்ந்தவர்களே. இவர்களுள் ஓர் இணையை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ரொசட்டா டங்கன், விவியன் டங்கன் என்னும் சகோதரிகள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர்கள். மூத்தவர் 1894இலும் இளையவர் 1897இலும் பிறந்தனர். 1911இல் கஸ் எட்வர்ட்ஸ் என்பவரின் சிறுவர் குழுவில் சேர்ந்தனர். விவியன் அழகும் அடக்கமும் உள்ள பெண்ணாக வருவார். ரொசட்டா குறும்புக்காரியாக வந்து அந்த அடக்கத்தைக் குலைப்பார். 1923இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘டாப்ஸி அண்ட் ஈவா’ என்ற இசை நாடகத்தை அரங்கேற்றினர். பாடல்களையும் அவர்களே இயற்றினர். சிகாகோவில் அது ஏறத்தாழ ஓராண்டு ஓடியது. 1927இல் படமாகவும் வந்தது.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு. டாப்ஸி என்பவள் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1852இல் வெளியிட்ட ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் வரும் அடிமைச் சிறுமி. அடிமை முறையின் கொடுமையைக் காட்டப் படைக்கப்பட்ட பாத்திரம் அது. ரொசட்டா முகத்தில் கருமை பூசிக்கொண்டு அச்சிறுமியைக் கேலிப் பொருளாக்கினார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று அந்த வேடத்தைக் காண்போர்க்குச் சிரிப்பு வருவதில்லை, வெட்கம் வருகிறது. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு, ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பல இன மக்கள் வாழும் நமக்கு இந்த வேறுபாடு மிகவும் வேண்டியதாகும்.

பேசும் படம் வந்ததும் பல்சுவை மேடை சரிந்தது. 1932இல் பேலஸ் அரங்கமே திரைப்படக் கொட்டகையாக மாறிற்று. டங்கன் சகோதரிகள் இரவு விடுதிகளில் தொடர்ந்து பாடினர். 1959இல் கார் விபத்தில் ரொசட்டா இறந்தார். விவியன் 1986வரை வாழ்ந்தார்.

‘டாப்ஸி அண்ட் ஈவா’ அரங்கேறிய அதே 1923இல்தான் நம் சிங்கப்பூரில் புதிய உலகம் திறக்கப்பட்டது. இங்கும் உடன்பிறந்தோர் இருவரே காரணர். ஆனால் இவர்கள் மேடையில் ஆடவில்லை, மேடையைக் கட்டினார்கள். ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்பவர்கள் இந்நாட்டிலேயே வேரூன்றிய சீன வணிகக் குடும்பத்தினர். இவர்களுடைய தந்தை ஓங் சாம் லியோங் பெரும் ஒப்பந்தக்காரர். நகரின் நடுவே உள்ள பூன் டாட் தெரு மூத்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜாலான் புசார் வட்டாரம் அக்காலத்தில் பெரும்பாலும் சதுப்பு நிலமாகக் கிடந்தது. முதல் உலகப் போருக்குப்பின் அங்குப் புதிய சாலைகள் போடப்பட்டன. கிச்சனர், பெத்தான், ஜெலிக்கோ, வெர்டன், சோம் என்று அப்போரின் தளபதிகளும் போர்க்களங்களும் அவற்றுக்குப் பெயராயினர். மரணத்தை நினைவூட்டும் அந்தப் பெயர்களுக்கு நடுவே மக்கள் சிரிப்பதற்கென்று ஓரிடம் எழுந்தது. நுழைவுக் கட்டணம் சில காசுகளே. அதனால் கப்பல் துறையில் மூட்டை சுமந்தவரும், ரிக்‌ஷா இழுத்தவரும், கடைச் சிப்பந்தியும், செல்வந்தரும் ஒரே வாயில் வழியே நுழைந்தார்கள். உள்ளே சீன நாடகம், மலாய் நாடகம், நடனக் கூடம், திரைப்படம், குத்துச்சண்டை, மல்யுத்தம், சாப்பாட்டுக் கடைகள் என்று எல்லாம் இருந்தன. கிம் செங் சாலையில் 1931இல் ‘கிரேட் வேர்ல்ட்’ தோன்றியது. பிறகு கேலாங்கில் ‘ஹேப்பி வேர்ல்ட்’ எழுந்தது. இவ்வாறு ‘மூன்று உலகங்கள்’ சிங்கப்பூரின் மாலைப் பொழுதை ஆண்டன.

இவற்றுள் மலாய் நாடகமான பங்சாவானை நாம் தனியே கவனிக்க வேண்டும்; ஏனெனில் அதில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. வண்ணத் திரைகள், பளபளக்கும் உடைகள், ஹார்மோனியம், பாட்டு ஆகியவற்றால் மக்களை மயக்கின. அவர்கள் பேசிய இந்துஸ்தானி பெரும்பாலோர்க்குப் புரியவில்லை. ஆனாலும் கூட்டம் கூடியது. ஊர் திரும்பிய ஒரு குழுவின் உடைகளையும் திரைகளையும் வாங்கி, மாமாக் பூஷி என்பவர் 1885இல் மலாய் மொழியில் நடிக்கும் குழுவைத் தொடங்கினார். அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர் கதை அனைத்தும் அந்த மேடையில் மலாய் பேசின.

காட்சிக்கும் காட்சிக்கும் இடையே திரையை மாற்றும் நேரத்தில் பாட்டு, நடனம், நகைச்சுவை இடம்பெறும். இதற்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். இடைவேளையை நிரப்பப் பிறந்த அந்த உருப்படிக்காகவே பலர் சீட்டு வாங்கினார்கள். அமெரிக்காவில் திரைக்கு முன்னால் நின்று பாடிய சகோதரிகளுக்கும், ஜாலான் புசாரில் திரைக்கு முன்னால் வந்த கோமாளிக்கும் தொழில் ஒன்றே.

அதே பார்சி மேடை தமிழ்நாட்டு நாடகத்தையும் மாற்றியது. தமிழ் நாடகக் கம்பெனிகளின் வண்ணத் திரைகளும் ஹார்மோனியமும் அவ்வழி வந்தவையே. நம் ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளியும் முருகனும் வருவதற்கு முன் பபூன் வந்து சபையைக் கலகலக்கச் செய்வார் அல்லவா? அவர் பங்சாவான் கோமாளிக்கு உறவினர்தாம். டி. கே. எஸ். சகோதரர்கள் நால்வர் 1925இல் மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபாவைத் தொடங்கியதை நாம் அறிவோம். உடன்பிறந்தோர் சேர்ந்து கலையை வளர்த்ததற்குத் தமிழில் அவர்களைவிடச் சிறந்த சான்று இல்லை. அந்தக் குழுவில் நடித்து வளர்ந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். திரைப்படத்துக்குச் சென்ற பின்னும் அவர் நகைச்சுவைப் பகுதியை மூலக் கதையிலிருந்து பிரித்துத் தனியாகவே அமைத்துக்கொண்டார். ஆராய்ந்து பார்த்தால் அதுவும் ஒரு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்றே சொல்லத் தோன்றுகிறது. கலைவாணர் அந்தச் சிறு இடத்தில் மூடநம்பிக்கையைச் சாடினார், ஏழையை இழிவுபடுத்தவில்லை.

மீண்டும் புதிய உலகத்துக்கு வருவோம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பசியும் அச்சமும் நிறைந்த அந்த ஆண்டுகளிலேதான் இப்பூங்காவில் ‘கெத்தாய்’ என்னும் பாட்டு மேடை உருவெடுத்தது. சீன மொழியில் பாட்டு மேடை என்பதே அச்சொல்லின் பொருள். பாட்டுக்கு நடுவே சிறு நகைச்சுவை நாடகங்களும் இடம்பெற்றன. போர் முடிந்த பின் 1950களில் மூன்று உலகங்களிலும் கெத்தாய் செழித்தது.

நடனக் கூடங்களில் சீட்டுக்கு ஆடிய பெண்களை அன்றைய சமூகம் மதிப்போடு நடத்தவில்லை. அவர்களுள் ஹேப்பி வேர்ல்டில் ஆடிய ஹோ யென் நா என்பவர், சக நடனப் பெண்களிடம் நன்கொடை திரட்டி, 1946இல் கேலாங்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ‘ஹேப்பி பள்ளி’ என்னும் அது 1979வரை நடந்தது. பிறர் இழிவாகப் பேசிய தொழிலில் கிடைத்த காசு எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது! நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைக்கிறது.

மறு பாதி, மேடையிலிருந்து திரைக்குச் சென்றவர்களிடம் இருக்கிறது. 1920களில் சிங்கப்பூருக்கு வந்த ரன்மி ஷா, ரன் ரன் ஷா என்னும் சகோதரர்கள் புதிய உலகத்திலும் பங்கு பெற்றார்கள். அவர்களுடைய மலாய்ப் படப்பிடிப்புக் கூடம் 1947 முதல் 1967வரை ஜாலான் அம்பாஸில் இயங்கியது. நடிகர்களில் பலர் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். இயக்குநர்களில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பாணி மஜும்தார் போன்றவர்கள் இந்தியர்கள். பி. ரம்லி 1957இல் எடுத்த ‘புஜாங் லாப்போக்’ படத்தில் மூன்று ஏழை நண்பர்கள் வருகிறார்கள். அவர்கள் தம் வறுமையையே வைத்துச் சிரிக்க வைத்தார்கள். மலாய் தெரிந்த தமிழரும் சீனரும் கூட இன்றும் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள்.

கெத்தாய் மரபிலிருந்து வாங் சா, யெ ஃபெங் என்னும் இணை வந்தது. ஒருவர் மெலிந்தவர், மற்றவர் பருத்தவர். உடன்பிறந்தவர்கள் அல்லர், ஆயினும் பிரிக்க முடியாத இணையாகவே மக்கள் அவர்களை நினைத்தார்கள். மாண்டரினோடு தியோச்சியூ முதலிய வட்டார மொழிகளைக் கலந்து, நம் அங்காடிகளில் கேட்கும் பேச்சையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1974இல் ஷா சகோதரர்களின் படத்திலும் நடித்தார்கள்.

எனினும் காலம் மாறியது. 1963 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கிற்று. வீட்டிலேயே நான்கு மொழிகளிலும் நிகழ்ச்சிகள் கிடைத்தன. பழைய குடியிருப்புகளிலிருந்த மக்கள் புதிய அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றார்கள். பூங்காவைச் சுற்றி நடந்தே வந்த கூட்டம் சிதறியது. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பின், ஒலி, ஒளிபரப்பில் வட்டார மொழிகளும் குறைந்தன. அவற்றில் உயிர் வைத்திருந்த நகைச்சுவையும் குறைந்தது. 1987இல் புதிய உலகம் மூடப்பட்டது. யெ ஃபெங் 1995இலும் வாங் சா 1998இலும் மறைந்தார்கள்.

நேயர்களே, எழுதிய கவிதை ஏட்டில் நிற்கும். கட்டிய கோயில் கல்லில் நிற்கும். மேடையில் சிரிக்க வைத்தவரின் கலை அந்த மாலையோடு முடிந்துவிடும். ஆதலால் அதற்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், புதிய உலகத்தில் அவர் எதைக் கண்டார், எதற்குச் சிரித்தார் என்று கேளுங்கள். எந்த மொழிக் கோமாளியைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் யாராவது புண்பட்டார்களா என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்து வையுங்கள். இந்நகரில் பல மொழி பேசியவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பழகியது பள்ளியிலும் தொழிலிடத்திலும் மட்டுமன்று. சில காசு கொடுத்து நுழைந்த அந்தப் பூங்காவின் மரப்பலகை இருக்கைகளிலுந்தான். அந்த வகையில், திரை மாறும் நேரத்தில் மேடைக்கு வந்தவர்களுக்கும் நம் நாட்டு வரலாற்றில் உறுதியாக ஓர் இடம் உண்டு.