எரிவாயு திருந்தியது, அறை திருந்தவில்லை

2025 ஆகஸ்ட் 15 காலை பெங்களூரு அடுகோடி காவல் நிலைய எல்லைக்குள் இருக்கும் சின்னய்யன்பாளையத்தில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பலர் காயமடைந்தார்கள், ஒட்டியிருந்த வீடுகளும் சேதமடைந்தன. சமையல் எரிவாயுக் கசிவுதான் காரணமாக இருக்கும் என்று முதலில் சந்தேகித்தார்கள். இப்படி ஒன்று நடந்தால் ‘சிலிண்டர் வெடித்தது’ என்றுதான் ஊரில் பேச்சு அடிபடும். ஆனால் பெரும்பாலும் சிலிண்டர் வெடிப்பதில்லை. அது தடித்த எஃகு. கசிந்த வாயு காற்றோடு கலந்து நிற்கும் அறைதான் வெடிக்கிறது. ஒரு கிலோ எரிவாயு கசிந்தால் ஏறக்குறைய அரை கனமீட்டர் ஆகிறது. காற்றில் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பிடிக்கும். பத்துக்குப் பத்து அறையின் கொள்ளளவு 25 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து ஒரே ஒரு கிலோ வெளியேறினால் போதும். வாயு தரையோடு படிந்து கிடந்தால் அந்த ஒரு கிலோகூட வேண்டாம். நூறாண்டுகளாக எரிவாயுவைத் திருத்தினோம், சிலிண்டரைத் திருத்தினோம், குழாயைத் திருத்தினோம். அது வந்து சேரும் அறையை மட்டும் நாம் திருத்தவில்லை.

எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துத் தரைக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. பிற்பகலில் ஓர் இயந்திரத்தின் பொறி பட்டதும் கட்டடமே தூக்கியெறியப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகள். வாயுவில் நாற்றமூட்டியைக் கலந்தே தீர வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான் வந்தது. இன்று நம் சமையலறையில் மூக்கைத் துளைக்கும் மெர்காப்டன் வாடை அந்தப் பிள்ளைகளின் சாவில் பிறந்தது. நாற்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூன் 27 விடியலில் ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமம் கண்டது. பெருங்குழாயில் ஓடிய வாயுவுக்கு வாடை சேர்க்கப்படவில்லை. கசிவு தெரியாமலே ஊர் விழித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள்.

‘எல்லாம் கவனக்குறைவுதான், பெண்கள் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுத்தால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்வோர் உண்டு. ரெகுலேட்டரை மூடத்தான் வேண்டும். ஆனால் 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18ஆம் மாடியில் இருந்த பெண் செய்தது தேநீர் போட ஒரு தீக்குச்சி கிழித்ததுதான். அடுப்பை இணைத்த பித்தளை நட்டு தரமற்றது. அது உடைந்து வாயு நிறைந்திருந்தது. சுவர்ப் பலகைகள் பெயர்ந்து கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நால்வர் இறந்தார்கள், தீக்குச்சி கிழித்தவர் பிழைத்துக்கொண்டார். பழியை அவர் தலையில் போட்டு விசாரணை முடியவில்லை. 1970இல் பிரிட்டனின் கட்டட விதிகளே மாற்றப்பட்டன. ஒரு வெடிப்புக்காகக் கட்டடமே பொறுப்பேற்ற அரிய இடம் அது.

நம் வரலாறு வேறு வழியில் போனது. 1955இல் பர்மா ஷெல் நிறுவனம் மும்பையில் பர்ஷேன் சிலிண்டரைக் கொண்டுவந்தது. 1965இல் கொல்கத்தாவில் இண்டேன் தொடங்கியது. விறகுப் புகையிலிருந்தும் சீமெண்ணெய் ஸ்டவ்விலிருந்தும் அது கோடிக்கணக்கான பெண்களை மீட்டது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. எண்ணெய் நிறுவனங்கள் ரப்பர் ட்யூபுக்குப் பதிலாக எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயைத் தந்து, ஐந்தாண்டில் மாற்றச் சொல்கின்றன. ஆனால் அடுகோடி போன்ற இடங்களில் வாடகை வீடு என்பது பலருக்கும் ஒற்றை அறை. சமையலும் படுக்கையும் அதற்குள்ளேயே. மேலே இருக்கும் வெண்டிலேட்டரில் மழைக்கும் கொசுவுக்கும் அட்டை அடைத்திருக்கும்.

இப்போது குழாய் எரிவாயு வருகிறது. மகாராஷ்டிரத்தின் தாபோலிலிருந்து வரும் ஆயிரம் கிலோமீட்டர் பெருங்குழாய் 2013இல் பெங்களூருவை எட்டியது. வீடுகளுக்கு அதைக் கெயில் கேஸ் நிறுவனம் வழங்குகிறது. ‘இது காற்றைவிட லேசானது, மேலே போய்விடும், ஆபத்தில்லை’ என்கிறார்கள். பாதி உண்மை. மீத்தேன் காற்றில் ஏறக்குறைய பாதி எடைதான். ஆனால் மேலே போக வழி வேண்டுமே. சிலிண்டர் வாயு தரையில் தேங்கும், கதவைத் திறந்தால் வெளியேறும். மீத்தேன் பரணுக்கு மேல் கூரையடியில் தேங்கும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பங்கு வரை கலந்திருந்தால் அதுவும் வெடிக்கும். அட்டை அடைத்த வெண்டிலேட்டர் சிலிண்டர் வாயுவைவிடக் குழாய் வாயுவில்தான் பெரிய ஆபத்து. குளியலறை கேஸ் கீசரின் கதையும் இதுவே. காற்றோட்டம் இல்லாவிட்டால் வாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு வாடையே இல்லை. மெர்காப்டன் அங்கே உதவாது.

‘சிறிய வீட்டில் இடம் எங்கே, வாடகை ஏறிவிடுமே’ என்பது நியாயமான கவலை. ஆனால் கூரையடியில் வலையடித்த ஒரு திறப்புக்கு இடம் தேவையில்லை, செலவும் சொற்பம். அதைப் போடுவது வீட்டு உரிமையாளரின் கடமை. போட வைப்பது மாநகராட்சியின் கடமை. இணைப்பு கொடுக்க வரும் நிறுவனம் அந்தத் திறப்பைப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். குடியிருப்பவர்கள் இன்றே அந்த அட்டையை எடுத்துவிடுங்கள், குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து பேசுங்கள். சிலிண்டர் கசிவுக்கு நாடு முழுவதும் ஒரே அவசர எண் 1906.