மணிக்கட்டுக் கயிறும் மாணவர் அடையாளமும்: திருநெல்வேலி – தென்காசி வட்டாரம் (1922–2024)

முன்னுரை

பதின்பருவத்தினரின் உடையும் அணியும் தன்வெளிப்பாட்டின் அடையாளங்களாகக் கருதப்படுவது வழக்கம். தென்காசி, குற்றாலம், சேரன்மகாதேவி, நாங்குநேரி ஆகிய ஊர்களை உள்ளடக்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், பள்ளி மாணவர் சிலர் மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிறு இதற்கு மாறானது. அது அணிந்தவரின் தனித்தன்மையை அன்று, அவர் பிறந்த சாதியையே அறிவித்தது. பள்ளியில் சாதி வேறுபாட்டைப் பேணும் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து மாணவர் கைக்கு இடம்பெயர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறுவனம் வகுத்த வேறுபாடு

வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டு தொடங்கிய சேரன்மகாதேவி குருகுலத்தில், பிராமண மாணவர் இருவருக்கு அவர்தம் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவளிக்கப்பட்டது. காங்கிரசின் நிதியுதவி பெற்ற நிறுவனத்தில் நிலவிய இவ்வழக்கத்தைப் பி. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் எதிர்த்தனர். இங்கு வேறுபாட்டை வகுத்தோர் பெரியோர். மாணவர் அதற்கு உட்படுத்தப்பட்டோர்.

பெயர் நீக்கமும் வண்ணக் கயிறும்

1990களின் சாதி மோதல்களை அடுத்து, 1997இல் தமிழக அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மீண்டும் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. அரசு தன் பலகைகளிலிருந்து பெயர்களை அகற்றியபோதிலும், சாதி அடையாளம் மறையவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளைக் கொண்டு மாணவர் குழு பிரிவதையும், விளையாட்டு அணித் தேர்வில்கூட அவை பயன்படுவதையும் 2019 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கை சுட்டியது. ஆயினும் பழைய நடைமுறையே தொடரும் எனத் துறை அமைச்சர் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று.

கயிறு கட்டிய மாணவனுக்கு அது துணிவாகத் தோன்றலாம். தன் தெருவினரும் வகுப்பினரும் எதிர்பார்ப்பதை நிறைவேற்றும் கட்டாயமே அத்துணிவின் அடித்தளம். கட்ட மறுப்பவன் தன் கூட்டத்தை இழக்கிறான். கட்டியவனோ பிற கூட்டத்தாரின் நட்பை இழக்கிறான்.

நாங்குநேரியும் அதன் பின்னரும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தம் வீட்டிலேயே உடன்பயிலும் மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கையளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்யும் பரிந்துரையே பெரிதும் விவாதிக்கப்பட்டது. அகர வரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப்பெயர் நீக்கம், ஆசிரியர்களின் குறித்தகால இடமாற்றம் ஆகிய பரிந்துரைகள் அந்த அளவு கவனம் பெறவில்லை.

முடிவுரை

குருகுலத்தில் பந்தி பிரித்தது. இன்று கயிறு பிரிக்கிறது. கயிற்றை மட்டும் அறுத்தால் அடையாளம் வேறொரு பொருளுக்கு மாறும் என்பதற்கு 1997இன் பெயர் நீக்கமே சான்று. கூட்டத்தைச் சாராமலும் பாதுகாப்பாகப் பயிலலாம் என்னும் உறுதியைப் பள்ளி அளிக்கும்போதுதான் மாணவரின் தன்வெளிப்பாடு தொடங்கும். எனவே இருக்கையையும் ஆசிரியர் நியமனத்தையும் குறித்த பரிந்துரைகளே முதன்மையான ஆய்வுக்குரியன.