விழுகிறவன் பேர்

செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூரில், அமாவாசை இரவில் அங்காளபரமேசுவரி ஊஞ்சலில் எழுந்தருளும் நேரத்துக்காகப் பல ஜில்லாக்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து குவிவதைப் பார்த்தவர்களுக்கு, கூட்டம் சேர்க்கும் கலையில் முதல் சூத்திரம் நாள் தவறாமையே என்பது விளங்கும். அங்கே நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை, பஞ்சாங்கமே நோட்டீஸ்.

குஸ்திக் கம்பெனி ஒன்று புதிதாகத் தொடங்கி நாடறியப் பேர் வாங்க நினைப்பவர் இரண்டாவது சூத்திரத்துக்கு இதே சீமையின் கூத்துக் களரிக்குப் போகவேண்டும். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து களரி கட்டும் ஓசை அடுத்த ஊர்க்காரனையும் எழுப்பி இழுத்து வந்த பிறகு, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தன் பிரதாபத்தைத் தானே பாடி, கட்டியக்காரன் கேட்கக் கேட்கப் பேரும் ஊரும் சொல்லி, சலங்கை அதிரத் துரியோதனன் பிரவேசிப்பான். பழைய செஞ்சியாகிய மேலச்சேரியை மூலஸ்தானமாகப் போற்றும் திரௌபதியம்மன் திருவிழாக்களில், படுகளத்தன்று மண்ணால் மல்லாக்கப் பிடித்துக் கிடத்திய அவனுடைய பேருருவத்தின் தொடையில் பீமன் அடிப்பான். யார் விழுவார் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆயினும் வெயிலில் நின்று பார்க்கிறார்கள். அந்தக் களத்தில் மிகப் பெரிய உருவம் ஜயித்தவனுடையதன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

மல்யுத்தம் நமக்குப் புதிதன்று. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஆனால் தோற்ற மல்லனுக்கு ஊர்ப்பேரைத் தவிர வேறு பேர் அதில் கிட்டவில்லை. செஞ்சிக் கோட்டைக்குள், ராஜகிரியின் அடிவாரத்தில், களஞ்சியத்துக்குச் சமீபமாக நிற்கும் தேகாப்பியாச மண்டபத்தில் உடம்பை முறுக்கேற்றிய வீரர்களுக்கோ அந்த ஊர்ப்பேர்கூட மிஞ்சவில்லை.

காசு வாங்கிக்கொண்டு குஸ்தி காட்டியவர்கள் இந்தக் குறையைத் தீர்த்தார்கள். ஹங்கேரிய தேசத்து எமில் சாயா என்ற பேர் யாருக்கும் நினைவில்லை. 200 கிலோ என்று சொல்லப்பட்ட அந்தத் தேகத்துக்குச் சினிமாக் குரங்கின் பேரை வைத்து, "கிங்காங்" என்று தமுக்கடித்தபோது, 1950களில் தேசமே திரும்பிப் பார்த்தது. அவரைக் கீழே தள்ளப் பஞ்சாபிலிருந்து தாரா சிங் வந்தார். முடிவைப் பேசி வைத்துக்கொண்டு மோதுகிறார்கள் என்று படித்தவர்கள் முகம் சுளித்தது உண்மை. படுகளம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு குறையாகவே படாது என்பது என் அபிப்பிராயம். 1962-ல் தாரா சிங்கை நாயகனாக வைத்து எடுத்த ஹிந்திப் படத்துக்கு எதிராளியின் பேரான "கிங்காங்" என்பதையே சூட்டினார்கள். 1968-ல் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரை அவர் வென்றார். "பெரிய தாராசிங்குன்னு நினைப்பு" என்று இன்றும் தெருவில் ஏசுகிறோம். அந்தக் குஸ்திகளை நடத்திய கம்பெனிகளின் பேரைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரவல் முகம் மட்டும் போதாது: அமெரிக்கக் கம்பெனி ஒன்று புனேயில் படம் பிடித்து, 2012-ல் "ரிங் கா கிங்" என்று தொலைக்காட்சியில் ஓட்டிய குஸ்தி, கிரிக்கெட் வீரர் ஹர்பஜன் சிங்கின் முகத்தை இரவல் வாங்கியும் ஒரே பருவத்தோடு நின்றுபோயிற்று.

1714-ல், பட்டமேறி ஓராண்டுகூட நிரம்பாமல் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட ராஜா தேசிங்கின் கதையையும், அவனுடைய குதிரை பாராசாரியின் பேரையும் செஞ்சிச் சீமையில் யாரும் சொல்வார்கள். ஜயித்த சாதத்துல்லா கானைப் பற்றிக் கேட்டால் சற்று யோசிப்பார்கள். படுகளம் முடிந்ததும், ஜனங்கள் முண்டியடித்து, விழுந்து கிடக்கும் துரியோதனன்மீதிருந்து ஆளுக்கொரு பிடி மண்ணை அள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.