நோயாளியின் கட்டிலில் பிறந்த ஸ்பிரிங்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முட்டி கெஞ்சும். ஒவ்வொரு படியிலும் உடல் எடை சரிந்துவிடாமல் தொடைத் தசை பிரேக் பிடித்தாக வேண்டும். சித்தூர், திருப்பதிப் பக்கம் பிலாட்டீஸ் உடற்பயிற்சி சொல்லித்தருபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்த முட்டிகளைப் பற்றித்தான். அதற்குத் தோதான ஒரு ஸ்பிரிங், கடல் கடந்து நெடுந்தூரம் வந்திருக்கிறது.

இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் அவரைப் பாடாய்ப் படுத்தின. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்தவரை, எதிரி நாட்டுக்காரர் என்று ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே எழுந்து நடக்க முடியாதவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தபடியே கைகால்களைப் பழக்கினார் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்வதுண்டு. 1926-ல் நியூயார்க்கில் குடியேறினார். அங்கே அவருடைய கூடத்தில் 'ரிஃபார்மர்' என்ற கருவியிலும் ஸ்பிரிங்தான் வேலை செய்தது: சட்டத்துக்குள் ஓடும் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். அடிபட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். 1967-ல் அவர் மறைந்த பிறகு மாணவர்கள் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். நம் பெருநகரங்களுக்கு வந்து சேர்ந்தபோது, சினிமா நட்சத்திரங்கள் உடம்பை இளைக்க வைக்கும் கருவி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிஃபார்மரின் பலகையில் மல்லாந்து படுத்து, சட்டத்தின் முனையில் உள்ள கம்பியில் பாதம் ஊன்றித் தள்ளினால் ஸ்பிரிங் நீளும். நிற்கும்போதுபோல உடல் எடை முட்டியில் ஏறாது. எத்தனை ஸ்பிரிங் மாட்டுகிறோமோ அவ்வளவுதான் பாரம். ஸ்பிரிங் திரும்ப இழுக்கும்போது பலகை 'டப்'பென்று முட்டாமல் மெல்ல வர வேண்டும். படி இறங்கும் தொடைக்கு வேண்டிய பயிற்சி அதுவே.

ஸ்பிரிங்கைக் குறைத்தால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பலகைமேல் நிற்கும்போது ஸ்பிரிங் போதாவிட்டால் அது வழுக்கி ஓடும். வயதானவர் ஏறுமுன் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, கையைப் பிடித்து ஏற்றுங்கள். எலும்பு மெலிந்தவருக்கு முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சி வேண்டாம். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கக் கூடாது. கர்ப்பிணியை மாதம் ஏற ஏற நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்கக் கூடாது. முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவரை, டாக்டரைக் கேட்காமல் மண்டியிட வைக்கக் கூடாது.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் எலும்பு மருத்துவமனை இருக்கிறது. ஸ்விம்ஸ் மருத்துவமனையில் பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே அனுப்புவதில் பயிற்சியாளருக்கு எந்தக் குறைவும் இல்லை. என்ன ஆபரேஷன் நடந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எங்கே வலிக்கிறது, என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று வந்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்பிரிங்கை அதற்குப் பிறகு மாட்டலாம்.