ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

திருப்பூர்ப் பனியன் வணிகத்தில் சரக்கை டஜன் கணக்கில் பேசுவது பழைய வழக்கம். பத்து இருக்கப் பன்னிரண்டு எதற்கு? பத்தை 1, 2, 5, 10 என்னும் நான்கு எண்களே மீதியின்றி வகுக்கும். பன்னிரண்டையோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் வகுக்கும். பன்னிரண்டுக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையா.

இவ்வாறு, தன்னிலும் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்ணை 'மிகு பகு எண்' எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என இவ்வரிசை வளர்கிறது. இவ்வெண்களுக்கு விரிவான கோட்பாடு கண்டவர் சீனிவாச ராமானுஜன். திருப்பூரின் அண்டை ஊரான ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவரது நீண்ட கட்டுரை 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. இவ்வாராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. இங்கே எஃப்.ஏ. தேர்வில் தவறியவர் அவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கட்டுரையில் மிகு பகு எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி! இதைப் பகா எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

என வரும். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

அடுக்குகளைக் கவனியுங்கள். 6, 4, 2, 2, 1 என இறங்குமே தவிர ஏறுவதில்லை. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றிவிடலாம். காரணிகள் குறையாமலே எண் சிறியதாகிவிடும். கடைசி அடுக்கு எப்போதும் ஒன்றே என்பதையும் ராமானுஜன் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு.

கணிப்பொறி இல்லாத காலத்தில் ஆக்கிய பட்டியல் இது. அதில் ஓர் எண் விடுபட்டிருப்பதை 1983-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ராபின் சுட்டிக்காட்டினார். அது 2,93,31,86,25,600, காரணிகள் 5,040. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! மேற்படியில் நின்றவர் நடுப்படி ஒன்றைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான். கோட்பாட்டுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. 5,040, 10,080 ஆகிய இரண்டுமே மிகு பகு எண்கள் என்பது தனி வேடிக்கை.

கட்டுரை முழுவதும் அன்று அச்சேறவில்லை. கழகம் பணமுடையில் இருந்ததால் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அப்பகுதியை ராபினும் நிக்கோலாவும் பதிப்பித்து, 'ராமானுஜன் ஜர்னல்' என்னும் இதழில் 1997-இல் வெளியிட்டனர்.