புகை வடித்த மருந்து



விதைக்கென ஒதுக்கிய சோளக்கதிர்களை அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடும் வழக்கம் நம் கிராமத்து வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. புகை குடித்த விதையை வண்டு எளிதில் அணுகாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அப்புகையைக் குளிர்வித்து நீராக்கினால் கிடைப்பதே மரக்காடி. செயற்கைப் பீடைநாசினிகளுக்கு மாற்றாக இன்று பலர் எடுத்துரைக்கும் இத்திரவத்தின் வரலாறு மிகப் பழையது.

காற்றுப் புகாதவாறு விறகைச் சூடாக்கினால் அது எரிவதில்லை, சிதைகின்றது. கரி எஞ்ச, ஆவி வெளியேறுகின்றது. ஆவி குளிருமிடத்துப் புளிப்பு நீரும் கரிய கீலும் பிறக்கின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே கிரேக்க அறிஞர் தியோபிராத்தசு, மக்கெதோனியர் மரத்தை அடுக்கி மூடிக் கீல் வடித்த முறையைத் தமது தாவர நூலில் விவரித்தார். உரோமரான பிளினியோ, கி.பி. 1ஆம் நூற்றாண்டில், முதலில் வடியும் நீர்த்த திரவத்தைக்கொண்டு எகிப்தியர் பிணங்களை அழுகாது காத்தனர் என எழுதினார். அழுகலைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பது அன்றே தெரிந்திருந்தது.

அதனுள் இருப்பது யாதென ஆராய்ந்தவர்கள் ஐரோப்பிய இரசாயனவியலாளர். 1661இல் வெளியான தமது நூலில் உறொபேட்டு பொயில், மரத்தை வடித்த நீரில் புளிப்பல்லாத வேறொரு சாரமும் உண்டெனக் காட்டினார். அதுவே பின்னர் மெதைல் அற்ககோல் எனப்பட்டது. புளிப்புக்குக் காரணம் வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலமே என 1800இல் பிரான்சிய அறிஞர் வூர்க்குருவாவும் வோக்கிலனும் நிறுவினர். 1832இல் செருமானியரான இரைக்கன்பாக்கு மரக்கீலிலிருந்து கிரியோசோற்றைப் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் கெடாது காக்கவும் புண்ணை ஆற்றவும் அது பயன்பட்டது. மரம் வடிக்கும் ஆலைகள் பெருகின. ஆயினும் 1923இல் செருமனியின் உலொய்னா ஆலையில் மெதைல் அற்ககோலைச் செயற்கையாக ஆக்கத் தொடங்கியபின் அத்தொழில் மங்கலாயிற்று.

வயலிலும் செயற்கைப் பொருளே ஆட்சி செலுத்தத் தொடங்கியது. 1939இல் சுவிற்சலாந்தின் போல் முல்லர் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் நன்மையை நாம் மறத்தலாகாது. 1934–35இல் மலேரியாவால் பல்லாயிரவரைப் பறிகொடுத்த இலங்கையில், டி.டி.ரி. தெளித்ததன் பயனாக 1963இல் 17 நோயாளரே காணப்பட்டனர். ஆனால் சில ஆண்டுகளுள் நோய் மீண்டும் பரவியது. நுளம்புகளும் நாளடைவில் நஞ்சுக்குப் பழகின. இதற்கிடையில், 1962இல் இறேச்சல் காசன் எழுதிய நூல், நஞ்சு மண்ணிலும் பறவையிலும் தங்குவதை உலகுக்கு உணர்த்தியது.

மக்கள் பழைய புகைநீரை மீண்டும் நாடியதன் காரணம் இதுவே. யப்பானில் கரிச்சூளைப் புகைபோக்கியில் குளிரும் நீரைச் சேர்த்து, சில மாதங்கள் அசையாது வைத்துக் கீல் பிரியவிட்டு, நடுவில் தெளியும் நீரையே உழவர் கொள்வர். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீரே. எஞ்சியதில் அசற்றிக்கமிலமும் பீனோல்களும் பிறவும் உள. அதனை மிக நீர்ப்பித்தே தெளிப்பர். செறிவு மிகின் பயிரே கருகும்.

ஒன்றைக் கருதுக. 2003இல் யப்பானிய அரசு, தீங்கற்றனவெனத் தனிச்சலுகை பெறும் பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களைக் குறித்தபோது, வினாகிரியை ஏற்றது. சமையற் சோடாவை ஏற்றது. மரக்காடியை ஏற்காது ஆய்வுக்கென நிறுத்திவைத்தது. மரத்துக்கு மரம், சூளைக்குச் சூளை அதன் சேர்க்கை மாறுபடும். கீல் நன்கு பிரியாவிடின் புற்றுநோய் தரும் பொருள்களும் அதில் எஞ்சலாம் என்பதே ஐயம்.

இயற்கையிற் பிறந்தது என்பதொன்றே நற்சான்றாகாது. ஆலையிற் பிறந்தது என்பதொன்றே குற்றமுமாகாது. டி.டி.ரி.யை அளவறியாது நம்பியவர் பட்ட பாட்டை மறந்து, புகைநீரையும் அவ்வாறே நம்புவோமாயின், வரலாறு நமக்கு எதனையும் கற்பிக்கவில்லை என்பதே பொருளாகும். பாட்டியின் அனுபவம் வழிகாட்டுக. சோதனை அதனை உறுதிசெய்க.