தாடி ஓணான் குஞ்சு: ஜொகூரில் நோய்ப் பராமரிப்பு

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட ஊர்வன உயிர். விலங்கியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1926-ல் இதை முதன்முதலாக விவரித்தார். வேலியோரம் நின்று தலையாட்டும் நம்மூர் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். முட்டையை உடைத்து வரும் குஞ்சு சுமார் 10 செ.மீ. நீளமும் 2 முதல் 3 கிராம் எடையும் இருக்கும். நன்றாக வளர்ந்தால் 45 முதல் 60 செ.மீ. வரை நீண்டு, பத்தாண்டுகள்கூட வாழும். மலேசியாவில் இதை வளர்ப்பவர்கள் 'பியர்டட் டிராகன்' என்றே சொல்கிறார்கள். ஆஸ்திரேலியா 1960-களிலிருந்தே தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே கடைகளில் விற்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றின் வாரிசுகள்.

முதல் ஆறு மாதங்கள்தான் இதன் வாழ்வில் ஆபத்தான காலம். அந்த வயதில் நோயுறும் குஞ்சுகளில் மிகப் பலவற்றுக்குக் கூண்டே நோயின் தொடக்கம். கிருமி வந்து சேர்வது பிறகுதான். ஜொகூரில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

காரணம் எளிது. வெப்ப நாட்டில் வெப்ப நாட்டு ஓணானுக்கு என்ன குறை வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஜொகூரின் வெப்பமும் அந்த ஓணானின் வெப்பமும் வேறு வேறு. மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 280 மி.மீ.; ஜொகூர் பாருவிலோ 2,000 மி.மீ.க்கும் மேல். ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். தாடி ஓணானுக்கு ஏற்றது 30 முதல் 40 விழுக்காடு. வீட்டுக்குள் 28 பாகை செல்சியஸ் மனிதருக்குப் புழுக்கம். அந்தக் குஞ்சுக்கோ அது நிழலின் குளிர்ச்சி. உண்டதைச் செரிக்க அதற்கு 38 முதல் 42 பாகை வரை சூடேறிய ஓர் இடம் வேண்டும். ஏர்கான் ஓடும் பேரங்காடிக் கடையில் சில வாரங்கள் கிடந்துவிட்டு வரும் குஞ்சு, வாங்கும்போதே பாதி சோர்ந்திருப்பதில் வியப்பில்லை.

ஊர்வனவற்றின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. செரிமானம், நோய் எதிர்ப்பு, மருந்து வேலை செய்யும் வேகம் எல்லாம் வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டைச் சார்ந்தவை. குளிர்ந்த குஞ்சின் வயிற்றில் விழுந்த பூச்சி செரிக்காமல் அழுகத் தொடங்கும். எனவே கூண்டின் ஒரு முனையில் வெப்ப விளக்கும், மறு முனையில் 25 முதல் 28 பாகை வரையிலான குளிர்ந்த பகுதியும் இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதைக் குஞ்சே தீர்மானித்துக்கொள்ளும். சூட்டைக் கையால் தொட்டு ஊகிக்கக் கூடாது. அது படுக்கும் கல்லின் மேற்பரப்பை வெப்பமானியால் அளக்க வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறைகள் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஜொகூர் வளர்ப்பாளருக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. ஏர்கான் போடாத அறையில் இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடலாம்.

வெளிச்சத்தின் கதை இன்னும் முக்கியமானது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும். அதன் பிறகே குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும். இந்தச் சங்கிலி அறுந்தால் இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். வேகமாக வளரும் குஞ்சுக்கு இது பேரிடி. கீழ்த்தாடை ரப்பர் போல வளையும், கால்கள் வீங்கும், விரல் நுனிகள் துடிக்கும், முதுகெலும்பு கோணும், லேசாகத் தூக்கினாலே எலும்பு முறியும். எலும்பு வளர்சிதை நோய் எனப்படும் இதுதான் வீடுகளில் வளரும் குஞ்சுகளை அதிகம் முடக்குவது.

வாய்வழி வைட்டமின் மட்டும் போதாதா? இளம் தாடி ஓணான்களை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. புற ஊதா விளக்கின்கீழ் நாளுக்கு இரண்டு மணி நேரம் இருந்த குஞ்சுகளின் இரத்தத்தில், வாய்வழி டி3 மட்டும் பெற்றவற்றைவிட அந்த வைட்டமினின் வடிவங்கள் பல மடங்கு அதிகமாக இருந்தன. ஆகவே நீளக் குழல் வடிவப் புற ஊதா விளக்கு அவசியம். வெளிச்சம் குறையாமலே அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை மறைத்துவிடும். சன்னலோரம் வைத்த கூண்டு வெளிச்சமாகத் தெரிந்தாலும் பயனில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஜொகூர் பாருவில் உண்மையான வெயில் இலவசமாகவே கிடைக்கிறது. காலை வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம், கம்பிவலைக் கூடையில், பாதிக்கு நிழல் இருக்கும்படி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதைவிடச் சிறந்த விளக்கு இல்லை. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம். சில நிமிடங்களில் உள்ளே சூடு உயிர்தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

நோயை அடையாளம் காண, இயல்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும். வெப்ப விளக்கின்கீழ் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பது அதிகச் சூட்டை வெளியேற்றும் வழக்கம். ஒரு முன்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றுவது பெரியவற்றுக்குக் காட்டும் பணிவு. இவற்றைக் கண்டு பதற வேண்டாம். பதற வேண்டியவை வேறு: பகலில் கண்ணை மூடியே கிடப்பது, தாடி நீண்ட நேரம் கறுத்திருப்பது, குழிவிழுந்த கண், வாலின் அடிப்பகுதியில் எலும்பு துருத்துவது, குளிர்ந்த பகுதியிலும் வாயைத் திறந்து மூச்சிரைப்பது, நாற்றமடிக்கும் தளர்ந்த மலம், மலத்தோடு வரும் வெண்ணிறப் பகுதி கெட்டித்து மஞ்சளாவது. எடை எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி. கிராம் கணக்கில் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு விலை குறைவுதான். வளரும் குஞ்சின் எடை ஒரு வாரம் ஏறாமல் நின்றாலே ஏதோ கோளாறு. பெரிய ஓணானுக்கு இருக்கும் கொழுப்புச் சேமிப்பு குஞ்சுக்கு இல்லை. காத்திருந்து பார்ப்போம் என்பது அதனிடம் செல்லாது.

பராமரிப்பில் வரிசை முக்கியம்: முதலில் சூடு, அடுத்து நீர், கடைசியாகத்தான் உணவு. அன்பு மிகுந்தவர்கள் தலைகீழாகத் தொடங்குவார்கள். சாப்பிடவில்லையே என்று வாயைப் பிளந்து ஊட்டுவார்கள். குளிர்ந்து, நீர் வற்றிய உடலில் திணித்த உணவு நிலைமையை மோசமாக்கவே செய்யும். சரியான சூட்டில் சில மணி நேரம் இருந்த பிறகு, மூக்கின் நுனியில் நீர்த்துளி வைத்தால் குஞ்சு தானாக நக்கிக் குடிக்கும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். தோள் உயரத்துக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் விடலாம். தோல் நீரை உறிஞ்சுவதில்லை, அங்கே நின்று குடிப்பதுதான் பயன். மலம் கழிக்கவும் அது தூண்டும். பிறகு நன்றாகத் துடைத்து, மறுபடியும் விளக்கின்கீழ் விட வேண்டும். ஜொகூர் காற்று அதைத் தானாக உலர்த்தாது.

நோயுற்ற குஞ்சைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, மணலை அகற்றி, வெள்ளைத் தாளை விரிக்க வேண்டும். தாளில் மலம் தெளிவாகத் தெரியும். மணலை விழுங்கிக் குடல் அடைபடவும் வழியில்லை. தின்னாமல் விட்ட பூச்சிகளை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பசித்த பூச்சி சோர்ந்து கிடக்கும் குஞ்சையே கடிக்கும்.

புதிய மலத்தைச் சிறு டப்பாவில் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்வது, கைமருந்து எதையும்விடப் பயனுள்ளது. தாடி ஓணான்களில் ஐசோஸ்போரா ஆம்பிபோலூரி என்ற காக்சிடியா ஒட்டுண்ணி மிகப் பரவலாக உண்டு. சிறிதளவு இருந்தால் வளர்ந்தது சமாளித்துக்கொள்ளும்; குஞ்சில் அது பெருகி, வயிற்றுப்போக்கிலும் மெலிவிலும் முடியும். மருந்து உண்டு, ஆனால் எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். இதன் முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்கு அஞ்சுவதில்லை. மலத்தை உடனுக்குடன் அகற்றி, கூண்டுச் சாமான்களைக் கொதிநீரில் கழுவாவிட்டால் குஞ்சு தன் மலத்திலிருந்தே மீண்டும் தொற்றைப் பெறும். இன்னொன்று அடினோ வைரஸ். இதற்கு மருந்தில்லை, சூடும் நீரும் ஊட்டமும் தந்து தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. பிழைத்தவை நோய்க்குறி இல்லாமலே வைரஸைச் சுமந்து பரப்பக்கூடும். தோலில் மஞ்சள் அல்லது பழுப்புப் பொருக்கு படர்ந்தால் நன்னிசியாப்சிஸ் என்ற பூஞ்சை என்று ஐயுற வேண்டும். ஓணானிலிருந்து ஓணானுக்குத் தொற்றும் இது தோலுக்குக் கீழே ஊடுருவிக் கொல்லக்கூடியது. மேற்பூச்சுக் களிம்பால் அடங்காது. ஈரக் காற்று தேங்கும் மூடிய மீன்தொட்டியைக் கூண்டாக்குவதை ஜொகூரில் அறவே தவிர்க்க வேண்டும். மேலேயும் பக்கவாட்டிலும் வலை இருந்தால் காற்று ஓடும்.

உணவில் ஜொகூர் வளமான இடம். முராய் பத்து போன்ற பாடும் பறவைகளை வளர்ப்போர் நிறைந்த ஊர்களில் பறவைக் கடைகளிலேயே செங்கெரிக், அதாவது சுவர்க்கோழிப் பூச்சி, கிடைக்கிறது. இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் குஞ்சுக்குத் தரக் கூடாது. பூச்சியில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸ் மிக அதிகம். உடலுக்கோ சுண்ணாம்பு இரு மடங்கு வேண்டும். சுண்ணாம்புத் தூளில் பூச்சியைப் புரட்டிப் போடுவது அந்தக் குறையை நிரப்பத்தான். சந்தையில் வாங்கும் சாவிக் கீரை, பூசணித் துருவல், வீட்டு வேலியில் மருந்து தெளிக்காமல் வளர்ந்த செம்பருத்திப் பூ ஆகியவை நல்லவை. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிணைத்துவிடும். வெண்ணெய்ப்பழம் நஞ்சு. செம்பனைத் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியில் பூச்சிக்கொல்லி இருக்கலாம்.

மின்மினிப் பூச்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபோட்டினஸ் இன மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் சிறிது நேரத்தில் இறந்ததை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அவற்றின் உடலிலுள்ள நச்சு இதயத்தைத் தாக்குகிறது. ஒரே ஒரு பூச்சி போதும். கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றோரம் சுற்றுலாப் பயணிகள் படகேறிப் பார்க்கும் மின்மினிகள் வேறு பேரினத்தைச் சேர்ந்தவை. என்றாலும் மின்மினி எதுவும் கூண்டுக்குள் புகாமல் பார்த்துக்கொள்வதே அறிவு.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. பூனை, நாய் மட்டும் பார்க்கும் கிளினிக்குகளே அதிகம் என்பதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நேரத்தைக் காக்கும். மலேசியாவின் மூத்த கால்நடை மருத்துவக் கல்விக்கூடம் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் 1970-களில் தொடங்கியது. அதன் மருத்துவமனை செர்டாங்கில், ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 300 கி.மீ. தொலைவில் உள்ளது. பயணத்தில் காரின் ஏர்கான் குஞ்சைக் குளிர்விக்காதபடி, துளையிட்ட பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வைக்கலாம். பாலத்துக்கு அப்பால் சில கிலோமீட்டரில் சிங்கப்பூர் இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அங்கே தாடி ஓணானைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதே சட்ட மீறல். சிகிச்சைக்காக எடுத்துச் சென்றாலும் அது கடத்தலாகும். மலேசியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஐ நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் துறை. வாங்குமுன் உரிம விதிகளை அங்கே உறுதிசெய்துகொள்ள வேண்டும். விலங்கு நலச் சட்டம் 2015 வளர்ப்பவர் மீது கவனிப்புக் கடமையைச் சுமத்துகிறது. கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தனிக் கவலை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தைப் போன்றது வந்தால் மின்சாரம் நாள்கணக்கில் போகும். அப்போது குஞ்சுக்கு நீர் மட்டும் தந்து உணவை நிறுத்த வேண்டும்; சூடில்லாமல் செரிக்காது.

வீட்டிலுள்ள குழந்தைகளையும் காக்க வேண்டும். நலமாகத் தோன்றும் தாடி ஓணானின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கலாம். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரவிய சால்மொனெல்லா கோத்தம் தொற்று செல்லமாக வளர்த்த தாடி ஓணான்களிலிருந்து வந்தது. நோயுற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழந்தைகள். தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

எல்லாம் செய்தும் குஞ்சு இறந்தால் உடலை உறையவைக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவிலிருந்து தள்ளி, இரண்டு உறைகளில் கட்டிவைத்து மறுநாளே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். உறைந்த திசுவில் நுண்ணோக்கிச் சோதனை சரியாக வராது. அதே கூண்டில் வளர்ந்த மற்றக் குஞ்சுகளுக்கு எந்த மருந்து தேவை என்பதை அந்த அறிக்கையே சொல்லும். அது வரும்வரை அவற்றை விற்கவோ வேறு வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது.